சிவப்புப் புள்ளி வைத்த கிண்ணங்கள்

என் மரக்கிண்ணங்களைப் பற்றி விசாரிப்பவர்கள் அண்மைக்காலமாக ஒரு சிரிப்போடுதான் விசாரிக்கிறார்கள். காலை நடையில் எதிர்ப்படுபவர்கள் கேட்கிறார்கள். பால் பூத் வரிசையில் நிற்பவர்கள் கேட்கிறார்கள். ஒவ்வொருவரும் இன்னொருவரிடம் கேட்டதைக் கொஞ்சம் கூட்டித்தான் என்னிடம் திருப்பிச் சொல்கிறார்கள். வாய்வழியாகப் பரவும்போது கிண்ணங்களின் எண்ணிக்கையும் அவற்றின் கோணலும் நாளுக்கு நாள் வளர்ந்துவருவதைக் கவனித்ததால், நடந்ததை நடந்தபடி நானே எழுதி வைப்பது நல்லது என்று முடிவு செய்தேன்.

நான் பொறியியல் பட்டம் பெற்றவன். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வேலைக்காக நெய்வேலிக்கு வந்து, சுரங்க இயந்திரங்களுக்கு உதிரிப் பாகங்கள் கடையும் பணிமனையின் ஆய்வுப் பிரிவில் பணிக்காலம் முழுவதையும் கழித்தவன். லேத்திலிருந்து இறங்கும் தண்டோ, தண்டைத் தாங்கும் வளையமான புஷ்ஷோ வரைபடத்தில் சொன்ன அளவுக்கு வந்திருக்கிறதா என்று அளப்பது என் வேலை. வந்திருந்தால் முத்திரை குத்துவேன். வராவிட்டால் அதன்மேல் சிவப்புப் பெயின்டில் ஒரு புள்ளி வைத்து ஒதுக்கிவிடுவேன். சிவப்புப் புள்ளி விழுந்த பொருள் பணிமனையின் வாசலைத் தாண்டக் கூடாது. கன்வேயர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு புஷ் பிளந்தால் அருகில் நிற்கும் மனிதனுக்கு என்ன நேரும் என்று தெரிந்தவர்கள் இதைக் கண்டிப்பு என்று சொல்லமாட்டார்கள். மற்றவர்களும் என் முகத்துக்கு நேரே எதுவும் சொன்னதில்லை. பட்டப்பெயர் ஒன்று வைத்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். அது என் காதுக்கு எட்டவில்லை என்று இன்றுவரை நம்புகிறார்கள். நம்பட்டும்.

ஓய்வு பெற்றபின் மகனுக்கு ஒதுக்கப்பட்ட குவார்ட்டர்ஸில் அவனோடு இருக்கிறோம். அவன் சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறான். வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும் இருக்கும் பொழுதே மிகுதி. தொடக்கத்தில் நான் வீட்டுக் காரியங்களில் சற்று அக்கறை காட்டினேன். சப்பாத்தி ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருப்பதையும், அலமாரியில் டப்பாக்கள் உயர வரிசையில் இல்லாமல் இருப்பதையும், பருப்பு வேக நேற்றைவிட இன்று நேரம் கூடியிருப்பதையும் எடுத்துச் சொன்னேன். என் மனைவி அதற்கு அக்கறை என்ற பெயரைப் பயன்படுத்தவில்லை.

"கண்ணு, உங்கப்பாவுக்கு ஏதாச்சும் ஒரு மெசினு வாங்கிக் குடுத்துரு. இல்லீன்னா என்ற சமையக்கட்டு பொழைக்காது" என்று மகனிடம் அவள் சொன்னது, நான் கேட்கவேண்டும் என்பதற்காகவே கூடத்தில் வைத்துச் சொன்னது. இத்தனை காலம் டவுன்ஷிப்பில் இருந்தும் அவள் பேச்சில் ஊர் வாசனை ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. நான் எல்லா மாவட்டத்தாரோடும் பேசிப்பேசிப் பொதுவான தமிழுக்கு வந்துவிட்டேன்.

மகன் கைப்பேசியில் தேடி, மரம் கடையும் சிறிய லேத் ஒன்றை வரவழைத்தான். துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் இருந்த ஷெட்டில் அதை நிறுத்தினோம். மரத்தைப் பக்கத்து வீட்டம்மா கொடுத்தார். அவர் முத்தாண்டிக்குப்பத்தில் பிறந்தவர். அவருடைய கணவர் நெடுங்காலம் கான்ட்ராக்டில் இருந்து, பிறகு பெர்மனென்ட் ஆகி, நான் விட்டு வந்த அதே பணிமனையில் இன்று வேலை பார்க்கிறார். அந்த அம்மாவின் தம்பி வீட்டுப் பலாமரம் ஒன்று காற்றில் சாய்ந்துவிட்டது.

"சார், வெறவுக்குத்தான் அறுக்கப்போறாங்க. உங்க மெசினுக்கு ஆவுமா பாருங்க" என்று சொல்லி, ஒரு மினி வேனில் நாலைந்து கட்டைகளை எங்கள் பின்வாசலில் இறக்கிவைத்தார்.

வெட்டிய ஈரம் காயாத பலாக்கட்டை உளிக்கு எவ்வளவு இணக்கமானது என்பதைக் கடைந்து பார்த்தவர்களே அறிவார்கள். இரும்பைப் போல் முறைக்காது. உளியை வைத்ததும் மஞ்சள் நிறத்தில் நீள நீளமாகச் சுருள் பிரிந்து தோள்மீது விழும். ஷெட் முழுவதும் பழத்தின் வாசனை. கையில் மட்டும் பால் ஒட்டிக்கொண்டு எளிதில் போகாது, தேங்காயெண்ணெய் தேய்க்கவேண்டும். முதல் கிண்ணத்தை உள்ளும் புறமும் கடைந்து, உப்புத்தாள் போட்டு, இறக்கியதும் வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். எந்தத் திசையில் அளந்தாலும் ஒரே விட்டம். வரைபடத்தில் நான் குறித்திருந்த அளவிலிருந்து மயிரிழையும் பிசகவில்லை.

பணிமனையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தொகுப்பில் முதல் உருப்படியை மட்டும் முழுமையாக அளப்போம். அது சரியாக இருந்தால் இயந்திரத்தின் அமைப்பை மாற்றாமல் மீதி எல்லாவற்றையும் அதே ஓட்டத்தில் கடைந்து முடித்துவிடலாம். நானும் அப்படியே செய்தேன். முதல் கிண்ணம் தேறிவிட்டதால், ஈரக்கட்டைகள் அத்தனையையும் அந்த வாரமே கிண்ணங்களாக்கி, கூடத்தின் கண்ணாடி அலமாரியில் அடுக்கினேன்.

மாற்றத்தை முதலில் கண்டவள் என் மனைவி. அலமாரியைத் துடைக்கும்போது ஒரு கிண்ணத்தை வெளியே எடுத்தவள், அதை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"ஏனுங், உங்க கிண்ணம் முட்டையாட்ட ஆயிப்போச்சுங்."

"உன் கண்ணுக்கு அப்படித் தெரியும். சாய்வாப் பிடிச்சிருக்கே."

"சரி, நேராப் புடிக்கறேனுங். இப்பவும் முட்டைதானுங்."

வெர்னியரை எடுத்துவந்து அளந்தேன். முட்டைதான். மற்றவற்றையும் அளந்தேன். ஈரமான மரம் காயும்போது நீளவாட்டில் அப்படியே நின்று, குறுக்குவாட்டில் சுருங்கும். ஆகவே வட்டமாகக் கடைந்த கிண்ணம் உலர உலர நீள்வட்டம் ஆகிவிடும். இது நான் அறியாத விஷயம் அன்று. கல்லூரியில் மரத்தின் பண்புகளைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். ஆனால் பணிக்காலம் முழுவதும் கையாண்டது இரும்பு. நேற்று அளந்த அளவில் இன்றும் இருப்பது அதன் இயல்பு. அந்த நாணயத்தை மரத்திடமும் எதிர்பார்த்துவிட்டேன்.

அன்று மாலையே சிவப்புப் பெயின்ட் டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு கிண்ணத்தின் வெளிப்புறத்திலும் ஒரு புள்ளி வைத்தேன். பழக்கத்தில் கை தானாகச் செய்தது என்று சொல்லமாட்டேன், தெரிந்தேதான் செய்தேன். பிறர் கடைந்ததற்கு ஒரு சட்டம், நான் கடைந்ததற்கு ஒரு சட்டம் என்று இருக்கமுடியாது. புள்ளி வைத்தவற்றைக் கண்ணாடி அலமாரியிலிருந்து ஷெட்டின் பலகைக்கு மாற்றினேன். என் மனைவி துணி உலர்த்த வந்தவள் பார்த்துவிட்டாள்.

"கிண்ணத்துக்கெல்லாம் பொட்டு வெச்சு உட்டிருக்கறீங்? கட்டுன நாளா எனக்கொரு பொட்டு அட்டை வாங்கியாந்ததில்லை."

"இது பொட்டு இல்லை. ரிஜெக்ட்."

"அதுசரி. வாங்கியாராததே நல்லதுங்" என்று சொல்லிவிட்டு ஈரப் புடவையை உதறினாள்.

அதன்பின் நான் முறையை மாற்றினேன். கட்டையை முதலில் தடிப்பாக மட்டும் கடைந்து, மரத்தூளும் காகிதமும் சுற்றி, நிழலில் மாதக்கணக்கில் உலரவிட்டு, அது கோணவேண்டியதெல்லாம் கோணி முடித்தபிறகு மறுபடி லேத்தில் ஏற்றி வட்டமாக்கினேன். அப்படி வந்தவை இன்றும் வட்டமாகவே இருக்கின்றன. மரத்துக்கென்று சற்றுத் தாராளமாக ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். அதற்குள் எல்லாம் அடங்கின. கண்ணாடி அலமாரி மீண்டும் நிறைந்தது.

இனி அலங்காரம். என் மனைவியின் விரல்கள் கோலத்தில் தேர்ந்தவை. பிளாக்கில் எந்த வீட்டு விசேஷமானாலும் வாசலுக்கு அவளைத்தான் அழைப்பார்கள். அவளிடம் தேறிய கிண்ணம் ஒன்றைக் கொடுத்து, வெளிப்புறத்தில் ஏதேனும் வரையச் சொன்னேன். அவளுக்கு எளிதாக இருக்கட்டும் என்று, விளிம்பைச் சமபாகங்களாகப் பிரித்துப் பென்சிலால் கோடு போட்டு, ஒரு பாகத்துக்கு ஓர் இதழ் என்று ஒரு படமும் வரைந்து கொடுத்தேன். அவள் கிண்ணத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுல எனக்கென்ன வேலைங்? எல்லாக் கணக்கும் நீங்களே போட்டுப்போட்டீங். வெறும் வண்ணத்தக் கொண்டோயி நெரப்பறதுக்கு நானெதுக்கு?" கிண்ணத்தை மேசைமேல் வைத்தாள். "அந்த ஷெட்டுல ஒதுக்குனதக் குடுங். அதுல வரையறேன். தப்பிப்போனாலும் ஒண்ணும் பாவமில்லை, அது ஏற்கனவே தப்புனதுதான்."

எனக்கு மறுப்பில்லை. ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன்: ரிஜெக்ட் ஆனவை வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. அவள் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் இன்னும் கூர்ந்து ஆய்வு செய்திருக்கவேண்டும்.

அவள் என் சிவப்புப் புள்ளிகளை அழிக்கவில்லை. அவற்றிலிருந்தே தொடங்கினாள். ஒரு கிண்ணத்தில் புள்ளி சேவலின் கொண்டை ஆனது. இன்னொன்றில் கிளியின் வாயில் கோவைப்பழம். மற்றொன்றில் மழைக்காலத்தில் மண்ணிலிருந்து கிளம்பும் தம்பலப்பூச்சியாகி, விளிம்பை நோக்கி ஊர்ந்தது, அதன் பின்னால் புல்லும் பூவும் முளைத்தன. நீள்வட்டத்தின் ஒடுங்கிய பக்கத்தில் சேவலின் கழுத்தை வைத்து, அகன்ற பக்கத்தில் வாலை விரித்திருந்தாள். உட்புறத்தைத் தொடவில்லை, உணவு வைக்கும் இடத்துக்கு எண்ணெய் மட்டும் போதும் என்று நான் சொல்லியிருந்தேன். அந்த ஒரு சொல்லையாவது காப்பாற்றினாள்.

"புள்ளிக்கு மேலேயே வண்ணம் அடிச்சிருக்கலாமே?"

"நீங்க வெச்ச பொட்டுங். நான் அழிக்கலாங்களா?"

சொல்லிவிட்டு, அடுத்த கிண்ணத்துக்குத் தூரிகையை நனைத்தாள்.

நவராத்திரி வந்தது. எங்கள் பக்கத்தில் கொலு வைக்கும் வழக்கம் பெரிதாக இல்லை. ஆனால் டவுன்ஷிப்பில் எந்த மாவட்டத்து வழக்கமும் அடுத்த வீட்டுக்குத் தாவிவிடும். பிளாக்கிலுள்ள பெண்கள் ஒரு மாலை எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் கூடத்தில் நாற்காலியில் அமர்ந்து, வருபவர்களை வரவேற்று, அவரவர் வீட்டாரின் உடல்நலம் விசாரித்துக்கொண்டிருந்தேன். சுண்டல் விநியோகம் உள்ளே நடந்தது. எல்லாரும் விடைபெற்றுப் போகும்போது, கடைசியாகச் செருப்பு மாட்டக் குனிந்த ஓர் அம்மாளின் கையில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. கொண்டை. அதன் கீழே சேவல். அதன் உள்ளே சுண்டல்.

அவர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்தேன்.

"என்ன கொடுத்தே?"

"சுண்டலுங்."

"எதில் கொடுத்தே?"

"கிண்ணத்துலதானுங். தொன்னையில குடுத்தா ஒழுகுது."

"எல்லாருக்குமா?"

"ஒருத்திக்குக் குடுத்து ஒருத்திக்கு உட்டா நல்லாருக்குங்களா?"

ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பலகை துடைத்துவைத்ததுபோல் இருந்தது.

"ரிஜெக்ட் ஆனது வெளியே போகக் கூடாதுன்னு சொன்னேனே."

"திருட்டுத்தனமாப் பின்வாசல்ல போகக்கூடாதுன்னு நெனச்சேனுங். எல்லாம் முன்வாசல்லதான் போச்சு. நீங்களே உக்காந்து வழியனுப்பி வெச்சீங்களே."

மறுநாள் பக்கத்து வீட்டம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"சார், எங்க வூட்டுக்காரரு ஷிஃப்ட் முடிஞ்சி வந்தாரா, கிண்ணத்தக் கையில எடுத்து வச்சிக்கினு சிரிக்கிறாரு, சிரிக்கிறாரு, அப்பிடிச் சிரிக்கிறாரு. இன்னாய்யா உனுக்குன்னு கேட்டா, 'அடியே, இது சாரு ரிஜெக்ட்டுல போட்டதுடி. நீ இதுல சுண்டல் துன்னுக்கினு இருக்கியே'ன்றாரு."

அவருக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? நான் வைத்த புள்ளியை அந்தப் பணிமனையில் அறியாதவர் இல்லை. பூவும் புல்லும் சூழ்ந்திருந்தாலும், எந்த அளவில், எந்தச் சிவப்பில், விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே என்று பார்த்தவுடனே அவர்கள் கண்டுகொள்வார்கள்.

செய்தி அடுத்த ஷிஃப்டிலேயே பணிமனைக்குப் போய்விட்டது. காலை நடைக்கு வரும் ஓய்வுபெற்றவர்களுக்கு எப்படி எட்டியது என்று நான் விசாரிக்கவில்லை. லேத் பிரிவில் இருந்த முன்னாள் ஃபோர்மேன் ஒருவர், நான் இரண்டாவது சுற்று வரும்வரை காத்திருந்து சேர்ந்துகொண்டார்.

"சார், ரிடயர் ஆனதுக்கப்புறம் ஸ்டாண்டர்டைக் கொஞ்சம் எறக்கிட்டீங்களாமே?"

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை சார். எங்க வீட்டு டீப்பாய் மேலயே ஒண்ணு இருக்கு. கிளி போட்டது." பின்னால் வந்தவர்களும் நெருங்கிவந்தார்கள். "நாங்க கடைஞ்சது ஒரு நூல் தப்பினா சார் ஏத்துக்கமாட்டாரு. வீட்டம்மா சுண்டல் போட்டுக் கொடுத்தா பாஸ்!"

எல்லாரும் சிரித்தார்கள். அன்பான சிரிப்புதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் நடையைத் தொடர்ந்தபிறகு என் மனத்தில் வேறொன்று ஓடியது. இவர்கள் ஒவ்வொருவரும் கடைந்த ஏதோ ஒரு பொருளை, என்றோ ஒரு நாள், நான் மறுத்திருக்கிறேன். கோபித்திருப்பார்கள், முணுமுணுத்திருப்பார்கள். ஆனால் அந்த மறுப்பை ஒருவரும் சந்தேகித்ததில்லை. சிவப்பு என்றால் சிவப்பு. இன்று என் வீட்டுச் சிவப்பு ஊரெல்லாம் சுண்டல் சுமந்து திரியுமானால், அன்று வைத்த சிவப்புகளும் அப்படித்தானோ என்று ஒரு மனிதர் நினைத்துவிட்டால்கூடப் போதும். நான் சம்பாதித்த பெயரில் வேறென்ன மிஞ்சும்?

தவறிப்போய் வெளியேறிய பொருளைத் திருப்பி அழைக்கவேண்டும், அதுவே விதி. அன்று மாலை, கண்ணாடி அலமாரியிலிருந்த வட்டக் கிண்ணங்களை ஒரு துணிப்பையில் அடுக்கிக்கொண்டு, மாற்றிக்கொடுத்து வாங்கிவரக் கிளம்பினேன்.

"பெரிய பையா எடுத்துக்கங். வரும்போதும் அதேதான் கனக்கும்" என்றாள் என் மனைவி.

முதல் வீட்டில், கொல்லையில் கோழி வளர்க்கும் அம்மாள் இருந்தார். சேவல் கிண்ணம் அவருக்குத்தான் போயிருந்தது. அதில் முட்டைகள் இருந்தன. என் வட்டக் கிண்ணத்தைக் கையில் வாங்கி, தடவிப் பார்த்து, மிகவும் பாராட்டினார்.

"எவ்வளவு நேர்த்தியா இருக்கு சார்! அப்படியே கடையில வாங்கின மாதிரி." திருப்பிக் கொடுத்துவிட்டார். "எனக்கு இந்தச் சேவலே போதும் சார். முட்டை வைக்க முட்டை மாதிரியே கிண்ணம். காபி எடுத்துக்கங்க."

அடுத்தது ஃபோர்மேன் வீடு. அவருடைய மனைவி திருநெல்வேலிப் பக்கத்து ஆசிரியை. "அது எனக்குன்னே வரஞ்சதுல்லா சார்? எங்க வீட்டுக் கொய்யாவுக்கு வார கிளி. அதப் போயி மாத்துவாங்களா?" என்று கேட்டு, வாங்கிப் பார்த்த என் கிண்ணத்தைப் பற்றி, "மெசின்ல செஞ்சது மாதிரியே இருக்கு" என்று மெச்சினார். மெஷினில்தான் செய்தேன் என்று சொல்வதா, நன்றி சொல்வதா என்று எனக்கு விளங்கவில்லை. அங்கும் காபி. போன வீடுகளிலெல்லாம் இதே கதை, இதே பாராட்டு, இதே காபி. ஒவ்வொருவருக்கும் அவரவர் வீட்டில் இருப்பதைப் பார்த்து என் மனைவி வரைந்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது. கொண்டுபோன பையை அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பினேன். வாசலில் அவள் காபி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அன்றிரவு சாப்பாட்டின்போது நினைவுக்கு வந்தது, பணிமனையில் மூன்றாவதாக ஒரு வழி இருந்தது என்பது. ஒரு பொருள் அளவு தவறியிருக்கும். ஆனாலும் அதைப் பயன்படுத்தப்போகிற பிரிவினர் பார்த்துவிட்டு, தவறு தெரியும், எங்கள் வேலைக்கு இது போதும், பொறுப்பு எங்களுடையது என்று ஒப்புக்கொண்டால், சிவப்புக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளி வைத்து அனுப்பலாம். டீவியேஷன் என்று அதற்குப் பெயர். மறுப்பு மறுப்பாகவே இருக்கும். அதன் மேல் ஒப்புதலும் இருக்கும். நான் மிக அரிதாகவே மஞ்சளைத் தொட்டிருக்கிறேன். ஆனால் அது விதிக்கு உட்பட்டது.

மஞ்சள் பெயின்ட் சிறு டப்பா ஒன்று வாங்கிவந்தேன்.

"என்ற சேவல் மேல மஞ்சளப் பூசப்போறீங்களா?" என் மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள். "நானும் வாரேன். எங்க வெக்கறதுன்னு நாஞ்சொல்றேன்."

பக்கத்து வீட்டிலிருந்து தொடங்கினோம். வீட்டுக்காரர் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தவர், என்னையும் என் கையிலிருந்த டப்பாவையும் பார்த்து, மடித்துக் கட்டிய லுங்கியை அவிழ்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"இந்தக் கிண்ணம் அளவு தவறினது. தெரியுமில்லையா?"

"தெரியும் சார். அன்னிக்கே சொன்னேன் சார் இவகிட்ட."

"டீவியேஷன்ல ஏத்துக்கறதா இருந்தா, பயன்படுத்துறவங்க ஒப்புதல் வேணும்."

"நான் ஒப்புக்கறேன் சார்."

அவர் மனைவி சமையலறையிலிருந்து வந்தார், கையில் அதே கிண்ணம், உள்ளே உரித்த பூண்டு. "நீ இன்னாத்துக்கு ஒப்புக்கற? கிண்ணம் என்னுது. நீ என்னிக்குப் பூண்டு உரிச்ச?"

"சரி, நீங்களே சொல்லுங்கம்மா. எவ்வளவு தவறியிருக்குன்னு தெரிஞ்சுதானே ஏத்துக்கறீங்க?"

"கண்ணால பாத்தாலே கோணிக்கினு இருக்கிறது தெரியுதே சார், அதுக்கு எதுக்கு அளவு? எனுக்கு இப்பிடியேதான் வேணும். இந்த ஒடுக்கமான பக்கந்தான் கையில அடங்குது."

"பொறுப்பு உங்களுடையது."

"பூண்டுக்குங்களா? என்னுதுதான்."

அவருடைய கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் தூரிகையை நனைத்தேன். சிவப்புக்குப் பக்கத்தில் வைக்கப்போன கையை என் மனைவி மணிக்கட்டோடு பிடித்தாள்.

"அங்க வேண்டாமுங். பூச்சி பாவம், மூச்சு முட்டும். இந்தா, இந்தப் பூவு நடுவுல வெய்யுங். பக்கத்துலதான இருக்குது?"

அளந்து பார்த்தால் பக்கம்தான். வைத்தேன். பூவுக்கு மகரந்தம் வந்ததுபோல் இருந்தது. அதே மாலையில் எல்லா வீடுகளுக்கும் போய், ஒவ்வோர் அம்மாளிடமும் ஒப்புதல் கேட்டு, என் மனைவி காட்டிய இடத்தில் புள்ளி வைத்தேன். சேவலுக்குக் கண், கிளி உட்கார்ந்த கிளையில் ஒரு பழுத்த கொய்யா. கோழி வளர்க்கும் அம்மாள் மட்டும், ஒப்புதல் கொடுப்பதற்குமுன், கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து என்னை நிற்கவைத்தார். ஆய்வின் முடிவுக்குக் காத்து நிற்கும் பக்கத்தில் நான் நின்றது அதுவே முதல் முறை.

காலையில் ஃபோர்மேன் மறுபடி சேர்ந்துகொண்டார். மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

"சார், கிளிக்குப் பக்கத்துல மஞ்சள் வந்திருக்கே."

"டீவியேஷன்ல விட்டிருக்கேன். உங்க வீட்டம்மா ஒப்புதலோட."

அவர் சிரிக்க வாயெடுத்தார். பிறகு, பணிமனையில் என் மேசை முன் நிற்கும்போது நிற்பதுபோலவே, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். "அப்ப சிவப்பு சிவப்புதான் சார்."

"சிவப்பு சிவப்புதான்."

"சரி சார்" என்றார். பின்னால் வந்தவர்களிடமும் திரும்பி, "முறைப்படிதான்யா போயிருக்கு" என்று சொன்னார்.  அந்தச் சுற்று முடியும் தறுவாயில், தமக்கு மருமகள் வீட்டுக்குக் கொடுக்க ஒரு மஞ்சள் புள்ளி கிண்ணம் கிடைக்குமா என்று ஒருவர் தாழ்ந்த குரலில் கேட்டார். ரிஜெக்ட் ஆகும் என்று முன்கூட்டியே உறுதி தர இயலாது என்றேன்.

அது உண்மை. உலர்ந்த மரத்தில் கடையத் தொடங்கியபிறகு எனக்கு ஒன்றும் கோணுவதில்லை. அலமாரியில் வட்டக் கிண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறின. என் மனைவியின் தூரிகைகள் ஜன்னலோரம் ஒரு டம்ளரில் காய்ந்து நின்றன. பிளாக்கில் புதிதாகக் குடிவந்த ஒரு பெண்ணுக்குக் கிண்ணம் கொடுக்கவேண்டும் என்று அவள் இரண்டு முறை சொன்னாள். எதை எடுத்துக்கொண்டாலும் சரி என்று அலமாரியைத் திறந்துவிட்டேன். பென்சில் கோடு எதுவும் போடமாட்டேன் என்றும் சொன்னேன்.

அவள் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். சுற்றினாள், மறுபடி சுற்றினாள்.

"எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்குதுங். இதுல எங்கிருந்து ஆரம்பிக்கறது?"

"எங்கிருந்து வேணும்னாலும் ஆரம்பி."

"அப்படி வராதுங். நீங்க ஒரு பொட்டு வெச்சுக் குடுங்."

"தேறின பொருளுக்குச் சிவப்பு வைக்கக் கூடாது."

"சரிங். மொட்டையா இருந்துட்டுப் போவட்டும்" என்று அதை அலமாரியிலேயே வைத்துவிட்டு, கீரை ஆயப் போய்விட்டாள். குரலில் வருத்தம் எதுவும் காட்டவில்லை. கீரையைத்தான் வழக்கத்தைவிட வேகமாக ஆய்ந்தாள்.

மறுநாள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை. துணிகள் கூடத்தில் தொங்கின. கதவுகள் நிலையில் இறுகிக்கொண்டன. இந்த ஈரத்தில் உலர்ந்த மரமும் சற்று ஊதும் என்பது தெரிந்ததே. கடமை என்று ஒன்று இருக்கிறதல்லவா? அவள் நேற்று வைத்துவிட்டுப் போன கிண்ணத்தை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, வெர்னியரால் அளந்தேன். வரம்புக்குள் இருந்தது. இன்னொரு திசையில் அளந்தேன். அதுவும் இருந்தது. விளிம்பைச் சுற்றி ஒவ்வோர் இடமாக அளந்துகொண்டே வந்தேன். ஓரிடத்தில், மரத்தின் இரேகைக்குக் குறுக்கே அளந்தபோது, அளவு வரம்பைத் தொட்டு, ஒரு மயிரிழை தாண்டியது. வரம்பு என்றால் வரம்பு. சிவப்பு டப்பாவைத் திறந்தேன்.

புள்ளி உலர்ந்தபின் கொண்டுபோய்ச் சமையலறை மேடையில் வைத்தேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டுப் பார்த்தாள்.

"நேத்துத் தேறுனதுன்னு சொன்னீங்?"

"நேத்து மழை இல்லை."

"நல்லா அளந்தீங்களா?"

"அளந்தேன்."

"எத்தன தரமுங்?"

"வேண்டிய மட்டும்."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கிண்ணத்தை எடுத்தாள். புள்ளியை மேலே வைத்துப் பார்த்தாள். கீழே திருப்பிப் பார்த்தாள். கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னங் கொஞ்சம் எடப்பக்கமா வெச்சிருக்கலாமுங்" என்றாள்.

"ஆய்வில் யாருடைய ஆலோசனையும் கேட்பதில்லை" என்று சொல்லிவிட்டு, தூரிகைகள் இருந்த டம்ளரில் தண்ணீர் ஊற்றப் போனேன்.